இழை எண்ணுபவர்கள்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குள் போனால் விசைத்தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கூடவே வரும். தறியில் ஓடுவது சேலையோ வேட்டியோ இல்லை. பேண்டேஜ் துணி, காஸ் துணி. நாட்டின் பல மருத்துவமனைகளில் காயத்தின் மேல் படியும் வெள்ளைத் துணி இங்கே நெய்யப்படுகிறது. மருந்தோடு மருந்தாகப் புழங்கும் சரக்கு என்பதால் மருந்துச் சட்டத்தின் விதிகளே அதற்குத் தரம் வகுத்திருக்கின்றன: பாவில் இத்தனை இழை, ஊடையில் இத்தனை இழை, அதற்குக் குறையக் கூடாது. துணியின் மேல் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, குனிந்து, ஓர் அளவுக்குள் எத்தனை இழை என்று எண்ணிப் பார்த்தால்தான் தரம் சொல்ல முடியும்.

மார்பகக் கட்டிக்குத் தரம் சொல்பவர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. அவர் கண்ணாடி நுண்ணோக்கி. அவர் துணி, மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவிய சதை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘திசு’ என்று எழுதுவதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘இழையம்’ என்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் சேவியர் பிஷா 1800ஆம் ஆண்டையொட்டி உடம்பின் பொருளைப் பகுத்துப் பெயரிட்டபோது எடுத்துக்கொண்டதும் நெசவுக்குரிய சொல்லைத்தான். சீவிய சதைக்கு நீலமேற்றும் ஹிமடாக்சிலின் ஒரு மெக்சிகோ மரத்தின் வைரத்திலிருந்து வருவது. நுண்ணோக்கிக்கு வருமுன் அந்த மரம் பல நூற்றாண்டுகள் துணிக்குச் சாயமாக இருந்தது. நெசவு தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் துறை அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்நியமாகத்தான் இருக்கிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மார்பகப் புற்று என்றதும் பேச்சு ஆபரேஷனுக்கும், கரண்ட் வைப்பதற்கும், செலவுக்கும், மதுரையா திருவனந்தபுரமா சென்னையா என்பதற்கும் போய்விடும். எடுத்த சதை எந்தப் பாட்டிலில், எந்தத் திரவத்தில், எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று கேட்பவர் அபூர்வம். அந்தப் பெண் அடுத்த பத்து ஆண்டுகள் எந்த மாத்திரையைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிட மாட்டார் என்பதில் பெரும்பகுதி அந்தப் பாட்டிலில் முடிவாகிவிடுகிறது.

முதல் தாமதம் பாட்டிலுக்கும் முந்தியது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்த பெண்ணிடம் காரணம் கேட்டால், “வலிக்கலையே, வலிச்சிருந்தா காட்டியிருப்பேன்” என்பார். புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கல்லைப் போல இறுகி, தள்ளினால் நகராமல், சத்தமில்லாமல் இருப்பதே அதன் குணம். காம்பில் மட்டும் சொறியும் செதிலுமாக வந்து மாதக்கணக்கில் களிம்பு தடவப்படும் வகையும் உண்டு. அந்தச் சொறிக்கும் அடியில் உள்ள புற்றுக்கும் தொடர்பு இருப்பதை லண்டனின் ஜேம்ஸ் பேஜட் 1874இலேயே எழுதிவிட்டார். இரண்டு பக்கமும் வராமல் ஒரு காம்பில் மட்டும், களிம்புக்கும் ஆறாமல் நிற்கும் சொறியைத் துளி சதை எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

“கத்தி பட்டா பரவிடும்” என்ற பயம் இரண்டாவது தாமதம். ஊசி டெஸ்டோ சதை டெஸ்டோ எடுத்ததால் மார்பகப் புற்று பரவி ஆயுள் குறைந்ததாக ஆதாரம் இல்லை. டெஸ்டுக்கு முன்பே அது பரவியிருந்தது, டெஸ்டுக்குப் பிறகுதான் தெரியவந்தது என்ற வரிசையைத்தான் ஊர் தலைகீழாகப் படித்துக்கொள்கிறது.

மூன்றாவது தாமதம் இன்னும் வேதனையானது. கட்டியைச் சின்ன ஆபரேஷனில் எடுத்தாயிற்று, “சாதாரணக் கொழுப்புக் கட்டிதான்” என்று சொல்லியாயிற்று, எடுத்தது குப்பைக்குப் போயிற்று. இளம்பெண்களிடம் வரும் கட்டிகளில் மிகுதி ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கில்லாத வகை. தொட்டால் வழுக்கி ஓடும். ஆனால் அதே தோற்றத்தில் பிலோடஸ் என்று ஒன்று வரும். வெட்டிப் பார்த்தால் இலை அடுக்கு போல இருப்பதால் 1838இல் யோஹன்னஸ் முல்லர் வைத்த பெயர். அதைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து எடுக்காமல் கொட்டையை உரிப்பது போல உரித்தெடுத்தால், அதே இடத்தில் திரும்ப வரும். சில சமயம் முன்னைவிட மூர்க்கமாக வரும். கையால் தொட்டு இரண்டையும் பிரிக்க எந்த நிபுணராலும் முடியாது. உடம்பிலிருந்து எடுத்த எந்தக் கட்டியும் சோதனைக்குப் போகாமல் குப்பைக்குப் போகலாகாது. இந்த ஒரு விஷயத்தில் நோயாளியின் வீட்டார் சண்டை பிடித்தாலும் தகும்.

எதிர்த் திசைத் தவறும் நடக்கிறது. குழந்தை பெற்ற சில ஆண்டுகளுக்குள் இருக்கும் இளம் தாய்மாருக்கு வரும் ஒருவகை மார்பக அழற்சி, கல் போன்ற கட்டியும் இழுபட்ட தோலுமாகப் புற்று போலவே நடிக்கும். காசநோயும் மார்பகத்தில் இப்படி வரும். ஆஸ்ட்லி கூப்பர் 1829இல் அதை விவரித்தார், நம் நாட்டில் அது பழங்கதையாகவில்லை. இவர்களுக்கு மார்பகத்தை எடுப்பது அநியாயம். அந்த அநியாயத்தைத் தடுப்பதும் அதே ஒரு துண்டு சதைதான்.

சதை உடம்பை விட்டுப் பிரிந்த நொடியிலிருந்து அழுகத் தொடங்குகிறது, விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. அதை நிறுத்துவது ஃபார்மலின். அதன் பதப்படுத்தும் குணத்தை ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் ப்ளூம் 1893இல் கண்டறிந்தார். இன்றுவரை அதை மிஞ்சிய மலிவான பொருள் வரவில்லை. ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. 10 விழுக்காடு ஃபார்மலின், அதுவும் அமிலத்தன்மை நீக்கியது. சதையைப் போலப் பத்து மடங்கு திரவம். வெட்டியெடுத்த 1 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் ஊற வேண்டும். ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மட்டுமே உள்ளே போகும். எனவே முழு மார்பகத்தையும் அப்படியே வாளியில் போட்டுவிட்டால் வெளிப்புறம் பதப்படும். நடுவில் இருக்கும் கட்டி இரவோடிரவாகக் கெட்டுப்போகும். போடுமுன் கட்டி வரை கத்தியால் கீறிவிட வேண்டும்.

சனிக்கிழமை மதியம் ஒரு சிறு ஊரில் எடுத்த சதை, பக்கத்தில் இருந்த சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு மூடப்பட்டு, திங்கள்கிழமை கூரியரில் ஏறினால் என்ன ஆகும்? அறிக்கை வரும். புற்று என்றும் சொல்லும். அதற்கு மேல் அந்தச் சதையிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அது சரியாகப் பதில் சொல்லாது. எந்தக் கேள்விகள் என்பதற்கு நுண்ணோக்கிக்குள் போக வேண்டும்.

பால் சுரக்கும் பகுதி, வேப்பம்பழக் கொத்து போல, மெல்லிய காம்புகளின் நுனியில் கொத்துக் கொத்தாக இருக்கும். பெரும்பாலான மார்பகப் புற்றுகள், பால் நாளத்தின் கடைசிக் கிளையும் கொத்தும் சேருமிடத்தில்தான் பிறக்கின்றன. அங்கே இரண்டு அடுக்குச் செல்கள். உள்ளடுக்கு பால் சுரக்கும். வெளியடுக்கு சுருங்கிப் பாலைத் தள்ளும். அதையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயிக்கு இதைக் கண்மாயாகச் சொல்லிவிடலாம்: உள்ளே தண்ணீர், சுற்றிலும் கரை. நோய்க்குறியியல் மருத்துவர் தேடுவது இரண்டு. தண்ணீர் என்ன ஆகியிருக்கிறது? கரை நிற்கிறதா, உடைந்ததா?

தண்ணீர் பெருகுவது மட்டும் புற்றாகாது. செல்கள் பெருகி நாளத்தை அடைத்தாலும், சந்தைக் கூட்டம் போலப் பலவிதமாக, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் அது சாதாரணப் பெருக்கம். ஒரே அச்சில் வார்த்தது போல எல்லாச் செல்லும் ஒன்றாகி, நடுவே துளைக் கருவியால் குத்தியது போல வட்ட ஓட்டைகளை விட்டு அடுக்கத் தொடங்கினால்தான் கவலை. அதற்குப் பெயர் பிறழ்பெருக்கம். அதே தோற்றம் 2 மில்லிமீட்டரைத் தாண்டிப் பரவியிருந்தாலோ, இரண்டு நாளங்களை முழுதாகப் பிடித்திருந்தாலோ பெயர் மாறிவிடுகிறது: நாளத்துக்குள் அடங்கிய புற்று, டிசிஐஎஸ். கரை இன்னும் உடையவில்லை. நிணநீருக்கும் ரத்தத்துக்கும் போக அதற்கு வழியில்லை. ஆனால் பெயரில் ‘புற்று’ ஏறிவிட்டது.

இந்த 2 மில்லிமீட்டர் மனிதர்கள் போட்டுக்கொண்ட கோடு. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 115 நோய்க்குறியியல் மருத்துவர்களிடம் மொத்தம் 240 பேரின் ஸ்லைடுகளைப் பகிர்ந்து கொடுத்து, நிபுணர் குழு முடிவோடு ஒப்பிட்டார்கள். கரை உடைந்த புற்றில் 96 விழுக்காடு ஒத்துப்போனது. டிசிஐஎஸ்ஸில் 84. பிறழ்பெருக்கத்தில் 48. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். அது சரியில்லை, விளிம்பில் நிற்பதை விளிம்பு என்று எழுதவும், ஐயமிருந்தால் இன்னொருவரிடம் காட்டவும் அந்த எண் சொல்லிக்கொடுக்கிறது.

விளிம்பில் நின்ற பெண்களுக்குப் பிறகு என்ன ஆனது? அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் டுபாண்ட், பேஜ் இருவரும் பழைய சோதனைகளைத் தோண்டியெடுத்து, புற்றில்லை என்று அறிக்கை பெற்ற 3,303 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1985இல் எழுதினார்கள். பத்தில் ஏழு பேரிடம் பெருக்கமே இல்லை, அவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. அவர்களோடு ஒப்பிட, சாதாரணப் பெருக்கம் இருந்தவர்களுக்கு ஆபத்து 1.9 மடங்கு. பிறழ்பெருக்கத்தில் 5.3 மடங்கு, தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ நோய் இருந்திருந்தால் 11 மடங்கு. “நார்க்கட்டி மாதிரி ஏதோ” என்ற ஒரே மூட்டைக்குள் அதுவரை கட்டிவைத்திருந்த அத்தனையும் அந்தக் கட்டுரைக்குப் பிறகு தனித்தனியாகப் பிரிந்தது.

அதே நகரத்தில் நடந்த இன்னொன்று மனத்தை விட்டுப் போகாதது. தீங்கற்றது என்று தவறாகப் படிக்கப்பட்டதால், மென்மையான வகை டிசிஐஎஸ்ஸோடு வேறு சிகிச்சையின்றி வாழ்ந்த 28 பெண்கள் பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். முப்பது ஆண்டுகளையும் தாண்டி நீண்ட அந்தத் தொடர்ச்சியில் 11 பேருக்குக் கரை உடைந்தது, அதுவும் சதை எடுத்த அதே பக்கத்தில், அதே பகுதியில். 17 பேருக்கு உடையவில்லை. வேண்டுமென்று யாரும் செய்ய முடியாத சோதனை, தவறால் நடந்துவிட்டது. எல்லா டிசிஐஎஸ்ஸையும் வெட்டத்தான் வேண்டுமா என்ற இன்றைய விவாதத்தின் வேர் அங்கே இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த காமெட் ஆய்வின் 2 ஆண்டு முடிவில், ஆபத்துக் குறைந்த டிசிஐஎஸ்ஸைக் கவனமாகக் கண்காணித்த பெண்களில் 4.2 விழுக்காட்டினருக்கும், வழக்கமான சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 5.9 விழுக்காட்டினருக்கும் கரை உடைத்து ஊடுருவும் புற்று தென்பட்டது. நம்பிக்கை தரும் முடிவு. என்றாலும், இருபது முப்பது ஆண்டு நோய்க்கு 2 ஆண்டு மிகக் குறுகிய காலம்.

ராஜபாளையத்துப் பெண்ணுக்கு இந்த விவாதம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படும் மார்பகப் புற்றுகளில் சுமார் ஐந்தில் ஒன்று டிசிஐஎஸ். மேமோகிராம் படத்தில் சுண்ணாம்புத் துகள்களாகத் தெரிந்து பிடிபடுகிறது. கைக்கு அது பெரும்பாலும் தட்டுப்படாது. மேமோகிராமைப் பரவலாக எடுக்காத நம் ஊர்களில், கட்டி கைக்குத் தெரிந்த பிறகே பெண்கள் வருகிறார்கள். அதற்குள் கரை உடைந்திருக்கும். உடைந்த கரைக்கு அருகிலேயே பழைய டிசிஐஎஸ் திட்டுகள் ஸ்லைடில் தெரியும். ஏதோ ஓர் ஆண்டில் அவரும் அந்தக் கட்டத்தில் இருந்தார் என்பதற்கு அவை சாட்சி.

இந்தியாவில் 2022இல் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது, 98,000 பேர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. மேமோகிராம் இல்லாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை பதில் தேடியது. 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே சோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில் மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கைச் சோதனை செய்வது இன்று அரசுத் திட்டத்தில் இருக்கிறது. மில்லில் ஷிப்டு முடித்து வருபவளை அதற்கு வரவைப்பதுதான் பாடு. கையால் கண்டுபிடித்தாலும், அடுத்த படி மறுபடி அந்தப் பாட்டில்தான்.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் ஊசி டெஸ்ட் மலிவு, விரைவு. ஆனால் அது தண்ணீரை மட்டும் மொண்டு வருகிறது. செல்கள் புற்றுச் செல்கள் என்று அது சொல்லும். கரை உடைந்ததா என்று சொல்லாது. அதற்குத் தடித்த ஊசியால் நூல் போன்ற சதைத் துண்டுகள் எடுக்க வேண்டும். அப்போதும் ஏமாற்றும் தோற்றங்கள் உண்டு. சில தீங்கற்ற வடுக்களில் நாளங்கள் நசுங்கிக் கோணி, ஊடுருவும் புற்றைப் போலவே தெரியும். அங்கே வெளியடுக்குச் செல்லுக்கென்றே உள்ள பி63 போன்ற சாயத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால் கரை நிற்கிறது. வளையம் இல்லையென்றால் அது பெரும்பாலும் ஊடுருவிய புற்று.

அப்படி ஊடுருவியவற்றில் முக்கால்வாசி, தனி வகை என்று பெயர் சொல்ல முடியாதவை. பத்தில் ஒன்று அல்லது சற்றுக் கூடுதலாக மடல் வகை. இதில் செல்களை ஒட்டவைக்கும் இ-கேடரின் என்ற பசை இல்லை. ஆகவே செல்கள் கட்டியாகச் சேராமல், எறும்புச் சாரை போல ஒற்றை வரிசையில் சதைக்குள் நடந்து போகும். கைக்கும் படத்துக்கும் தப்புவது இந்த வகைதான்.

இனி எண்ணிக்கை. புற்றின் தரம் சொல்ல வேறொரு ப்ளூமும் ரிச்சர்ட்சனும் 1957இல் போட்ட முறையை நாட்டிங்ஹாமில் எல்ஸ்டனும் எல்லிஸும் 1991இல் செப்பனிட்டார்கள். செல்கள் இன்னும் குழாய் வடிவத்தை நினைவு வைத்திருக்கின்றனவா? முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் 1, பத்திலொரு பங்குக்கும் குறைந்தால் 3. உட்கரு எவ்வளவு விகாரப்பட்டிருக்கிறது? 1 முதல் 3. பிளந்துகொண்டிருக்கும் செல்கள் ஓர் அளவுக்குள் எத்தனை? எண்ணி, 1 முதல் 3. கூட்டினால் 3 முதல் 5 வரை முதல் தரம், 6, 7 இரண்டாம் தரம், 8, 9 மூன்றாம் தரம். கோடிக்கணக்கில் விலை போகும் மரபணுச் சோதனை இயந்திரங்கள் வந்த பிறகும் இந்த எண்ணிக்கை தன் இடத்தை இழக்கவில்லை. கெட்டுப்போன சதையில் முதலில் தொலைவது இந்த மூன்றாவது எண்தான். பிளந்துகொண்டிருந்த செல் சுருங்கி, செத்த செல்லைப் போலாகிவிடும்.

அடுத்தது ஹார்மோன் ஏற்பி. சினைப்பையை எடுத்தால் சிலருக்கு மார்பகப் புற்று சுருங்குவதைக் கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் 1896இல் காட்டினார். ஏன் சிலருக்கு மட்டும் என்பதற்கு விடை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பிடிபட்ட பிறகே கிடைத்தது. இன்று 1 விழுக்காடு செல்களின் உட்கருவில் அதற்கான சாயம் ஏறினாலே ஏற்பி உண்டு என்று எழுதுவார்கள். எழுதினால், டமாக்சிஃபன் போன்ற மலிவான மாத்திரையை நாளுக்கு ஒன்றாக 5 ஆண்டோ அதற்கு மேலோ சாப்பிடலாம். நோய் திரும்புவதை அது கணிசமாகத் தடுக்கிறது. மூன்றாவது ஹெர்2 என்ற புரதம். சாயம் 3+ என்றால் உண்டு. 2+ என்றால் மேற்சோதனை. 1998இல் அமெரிக்காவில் வந்த டிராஸ்டுசுமாப் மருந்து ஹெர்2 உள்ளவர்களின் கதியையே மாற்றியது. 2014இல் பெங்களூருவின் பயோகான் அதன் இணைமருந்தைக் கொண்டுவந்தது.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 மூன்றும் இல்லாததே ‘டிரிபிள் நெகட்டிவ்’. மேற்கு நாடுகளில் சுமார் 15 விழுக்காடு. இந்திய ஆய்வுகளைத் தொகுத்தால் கால்பங்குக்கு மேல். நம் நோயாளிகள் வயதில் இளையவர்கள் என்பது ஒரு காரணம். சலைனில் கிடந்து, நேரம் கடந்து பதப்பட்ட சதையில் ஏற்பி அழிந்துபோய், இருந்தும் இல்லை என்று எழுதப்பட்டவையும் அந்தக் கணக்குக்குள் இருக்குமோ என்ற கவலை இந்தத் துறையினருக்குப் பழையது. அந்தக் கவலை ஒரே ஒரு பெண் விஷயத்தில் உண்மையானாலும், அவள் சாப்பிட்டிருக்க வேண்டிய மாத்திரையை யாரோ ஒருவரின் அவசரம் பறித்துவிட்டது என்று பொருள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டையும் சுற்றி இப்போது வழி முன்னைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலிருந்தும் நெல்லை மருத்துவக் கல்லூரி 1965இலிருந்தும் இருக்கின்றன. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிறுவனத்துக்கு, ராத்திரி பொதிகை ரயிலில் ஏறினால் விடிந்ததும் போய்விடலாம். திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செங்கோட்டை வழியாகப் போகிறவர்களும் உண்டு.

எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை மூன்று: அறிக்கை, ஸ்லைடு, மெழுகுக் கட்டி. பதப்பட்ட சதையை மெழுகில் ஊறவைத்து வார்த்த அந்தச் சிறு ‘பிளாக்’, பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். மறுபடி சீவலாம், புதுச் சாயம் போடலாம், நேற்றுவரை இல்லாத சோதனையை நாளை செய்யலாம். முறையாகக் கேட்டால் அது நோயாளிக்குக் கிடைக்கும். கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அறிக்கைத் தாளை மட்டும் மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். ஸ்லைடும் பிளாக்கும் கூடவே போனால், போன இடத்தில் அதே மார்பில் மறுபடி ஊசி குத்த வேண்டிய தேவை பலருக்கு இராது.